திடல் போனது, பெயராவது மிஞ்சட்டும்!

கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீடு. பெரியவர் காலமாகி, பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. பிள்ளைகள் அவருடைய அலமாரியை ஒழிக்கிறார்கள். துணிகளுக்கு அடியில் ஒரு பழைய புகைப்படம் கிடைக்கிறது. ஆறு பேர் நிற்கிறார்கள், ஐந்து பேர் அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு பந்து, பந்தின் மேல் வெள்ளை எழுத்தில் ஓர் ஆண்டு. பக்கத்தில் கறுத்துப்போன ஒரு கிண்ணம். "இதுதான் அப்பா" என்று மகள் அடையாளம் காட்டுகிறாள். மற்ற பத்துப் பேர் யார்? எந்தத் தோட்டம்? எந்தக் கிண்ணம்? யாரைத் தோற்கடித்து வென்றது? பதில் சொல்லக்கூடியவர் பதினாறு நாள்களுக்கு முன்பே போய்விட்டார். கிண்ணம் பழைய இரும்புக்காரரிடம் போகிறது, படம் குப்பைக்குப் போகிறது.

இது கதை இல்லை. உங்கள் வீட்டிலோ, உங்கள் பெரியப்பா வீட்டிலோ நடந்ததுதான். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் கிள்ளானிலும் போர்ட் கிள்ளானிலும் வாரந்தோறும் இப்படித்தான் நம் விளையாட்டு வரலாறு மூட்டை கட்டி வெளியே வைக்கப்படுகிறது. அதை வெளியே வைப்பவர்கள் வேறு யாருமல்லர், நாம்தான்.

உச்சியில் நின்றவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். 1966-ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம் வென்றவர் டாக்டர் எம். ஜெகதீசன். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடிகளில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை, 49 ஆண்டுகள் நிலைத்தது. அதே பேங்காக்கில் பெண்களுக்கான 400 மீட்டரில் தங்கம் வென்றவர் எம். இராஜாமணி. நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் 1966-ஆம் ஆண்டுக்காக வழங்கப்பட்டபோது இரண்டையும் பெற்றவர்கள் இவர்கள் இருவரே. பூப்பந்தில் பஞ்ச் குணாளன் 1971-இல் இங் பூன் பீயுடன் சேர்ந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றார். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி நடந்தபோது மலேசியாவுக்குத் தலைமை ஏற்றவர் என். ஸ்ரீ சண்முகநாதன். அந்தக் குழு அரையிறுதியில் கூடுதல் நேரம் வரை போராடி இந்தியாவிடம் 2-3 என்று தோற்று, நான்காம் இடத்தைப் பெற்றது.

இவை எல்லாம் பதிவேட்டில் இருக்கின்றன. மகிழ்ச்சி. ஆனால் பதிவேட்டில் இருப்பவர்கூட மக்கள் நினைவில் இருக்கிறாரா என்று பாருங்கள். சிலாங்கூரின் கோல்காவலர் ஆர். ஆறுமுகம், 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடியவர். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவின் காவலர் அவர். அரசாங்கம் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் குழு போகவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் அவர் காலமானார். இன்றைய இளைஞர்களில் பலர் அவரை அறிந்தது எப்படி? 2016-இல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்தின் மூலமாக. அதிலும் அவர் ஆறுமுகம் இல்லை, 'முத்து' என்ற கதாபாத்திரம். அந்தப் படத்தை எடுத்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நன்றிதான் சொல்ல வேண்டும். நாம் 28 ஆண்டுகளாகச் செய்யாததை அவர்கள் ஓரளவு செய்தார்கள். ஆனால் நம்மவரின் கதையைக் கற்பனைப் பெயரில், சினிமாக் கொட்டகையில்தான் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ஆறுமுகத்தின் நிலையே இது என்றால், அவருக்குக் கீழே நின்ற ஆயிரக்கணக்கானோர் நிலை என்ன?

வானத்திலிருந்து குதித்து யாரும் தேசிய வீரர் ஆவதில்லை. பெரட்டுக்களத்துக்குப் பக்கத்துத் திடலில், பால்மரம் வெட்டி முடித்த மாலை நேரத்தில், வெறுங்காலோடு பந்தடித்த குழுக்கள் இருந்தன. ரயில்வே குழு, துறைமுகக் குழு, பொதுப்பணி இலாகா குழு, மின்சார வாரியக் குழு என்று வேலையிடத்துக்கு ஒரு குழு இருந்தது. டி.பி.சி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் போன்றவை வெள்ளையர் காலத்திலேயே எழுந்தன. தீபாவளிக் கிண்ணம், பொங்கல் விளையாட்டு, தொழிற்சங்கக் கிண்ணம், கோயில் திருவிழாவில் சிலம்பம், சடுகுடு, உறியடி எல்லாம் இருந்தன. தமிழ்ப்பள்ளித் திடலில் வலைப்பந்து ஆடிய பெண் பிள்ளைகள் இருந்தார்கள். கோடு போட்ட வாத்தியார், பழுது பார்த்த காலணியைக் கடனாகக் கொடுத்த செருப்புத் தைப்பவர், லாரியில் குழுவை ஏற்றிப்போன ஓட்டுநர், ஞாயிற்றுக்கிழமை நடுவராக விசில் ஊதிய கிராணி ஆகியோரும் இருந்தார்கள். மரம் என்று பார்த்தால் ஜெகதீசனும் ஆறுமுகமும் கனிகள். வேரைப் பற்றி எழுதியவர் யார்?

எழுதப்படாமல் போனதற்குக் காரணங்கள் உண்டு.

முதல் காரணம், இடமே இல்லாமல் போனது. கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும், பிறகு வீடமைப்புக்கும், தொழிற்பேட்டைக்கும் மாறின. லயங்களில் இருந்தவர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறினார்கள். ஒரு தோட்டம் கலையும்போது கோயிலையாவது பெயர்த்துக் கட்டுவோம். திடலை யாரால் பெயர்க்க முடியும்? குழு கலைந்தது, குழுவின் கணக்குப் புத்தகம் கடைசிச் செயலாளரின் வீட்டுப் பரணில் போய்ச் சேர்ந்தது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே நிலத்தின் மேல் கேஎல் சென்ட்ரல் எழுந்து 2001-இல் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி மாடிகள் வளர வளர, ரயில்வே குடியிருப்புகள் பலவும் பிள்ளைகள் பந்தடித்த திறந்த வெளிகளும் மறைந்தன. பெரிய அரங்குகளுக்கே உத்தரவாதம் இல்லாத காலம் இது. 1994-இல் திறந்த ஷா ஆலம் அரங்கம் 2024-இல் இடிக்கப்பட்டது. தோட்டத் திடல் எம்மாத்திரம்!

இரண்டாவது காரணம் பெயர்க் குழப்பம். தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று, நம்மவர் அழைத்த பெயர் இன்னொன்று. போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் போர்ட் கிள்ளான் ஆனது. ஆங்கில நாளிதழ்கள் நம்மவர் பெயரை நான்கு விதமாக எழுதின. ஒரே மணியம் ஓர் இடத்தில் மணியம், இன்னோர் இடத்தில் சுப்ரமணியம், வேறோர் இடத்தில் முதலெழுத்து மட்டும். நாளை ஆராய வருபவருக்கு மூவரும் வேறு வேறு ஆள்களாகத் தெரிவார்கள். இவர்கள் ஒருவரே என்று சொல்லக்கூடியவர் அந்தத் தோட்டத்தில் வாழ்ந்தவர் மட்டுமே.

மூன்றாவது காரணம், தமிழில் எழுதிய ஏடுகளை நாம் பாதுகாக்கவில்லை. 1924-இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றது. தோட்டத்துப் போட்டி முடிவுகளை இரண்டு வரியிலாவது போட்டது தமிழ் நாளிதழ்தான். அந்த இரண்டு வரியைக் கத்தரித்து ஒட்டி வைத்தவர் வீட்டில்தான் அது இன்று இருக்கும்.

'நேற்று' நடந்ததும் இதே கதிதான். நம் சமுதாயத்தின் முயற்சியில் எழுந்த மிஸ்க்-மிஃபா குழு 2017-இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இல் சூப்பர் லீக்கில் நுழைந்தது. 2022 பருவத்தை வெளிநாட்டு வீரர் எவருமின்றி ஆடி முடித்து, அதோடு லீக்கிலிருந்து விலகியது. சில ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்தக் குழுவின் சட்டை, நுழைவுச்சீட்டு, ஆட்டக்காரர்களின் நினைவு, ஏன் நின்றது என்பதற்கான நேர்மையான கணக்கு, இவற்றை யார் சேர்த்து வைத்திருக்கிறோம்?

"சோற்றுக்கும் சுடுகாட்டுக்கும் போராடும் சமுதாயத்துக்கு விளையாட்டு வரலாறு ஒரு கேடா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அடையாளப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளி நிலம் கேள்விக்குறியாக இருக்கிறது, கோயில் எந்த நேரத்தில் உடைபடும் என்று தெரியவில்லை. இந்த நிலையில் பழைய கிண்ணத்தைத் துடைப்பதா முக்கியம்?

ஆனால் யோசித்துப் பாருங்கள். கோயில் வழக்கானாலும் பள்ளி நிலமானாலும் நில அலுவலகத்தில் நம்மிடம் கேட்கப்படும் முதல் கேள்வி என்ன? "எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள்? ஆதாரம் எங்கே?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு முன்னால்தான் நாம் திரும்பத் திரும்ப வாயடைத்து நிற்கிறோம். இருந்தோம் என்பது நமக்குத் தெரியும், காகிதத்துக்குத் தெரியாது. 1904-இல் தொடங்கிய பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் மேம்பாட்டுத் திட்டம் வருகிறது என்று 2014-இல் தெரிந்தபோது மக்கள் திரண்டு எதிர்த்தார்கள், பின்னர் அது பாரம்பரியத் தளமாக அரசிதழில் இடம்பெற்றது. அந்தக் கட்டடத்துக்கு ஒரு கதை இருந்தது, அந்தக் கதை எழுதப்பட்டிருந்தது, ஆகவே மக்களால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பேச முடிந்தது. கதை எழுதப்படாத திடலுக்காக யார் மனுக் கொடுப்பது? வெற்று நிலம் என்று வரைபடத்தில் இருக்கும், வெற்று நிலம் என்றே போகும்.

இன்னொன்றும் உண்டு. இந்த நாட்டில் நம்மைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் இரண்டே. ஒன்று, பால்மரம் வெட்ட வந்த கூலி. மற்றொன்று, குண்டர் கும்பல். இந்த இரண்டுக்கும் நடுவே, மாலையில் குளித்து, தலைவாரி, சட்டை எண் தைத்து, கட்டொழுங்கோடு பதினொருவராக நின்ற ஒரு வாழ்க்கை இருந்தது. மலாய், சீன, பஞ்சாபி நண்பர்களோடு ஒரே குழுவில் ஆடிய வாழ்க்கை அது. பிறர் எழுதித் தர மாட்டார்கள். எழுதித் தரவேண்டும் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

பிற நாடுகளில் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' என்ற பகுதியை இனவெறி அரசு 1966-இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்புறப்படுத்தப்பட்டார்கள், வீடுகள் தரைமட்டமாயின. 1994-இல் அங்கே ஒரு பழைய தேவாலயத்தில் மக்களே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். தரையில் பழைய பகுதியின் பெரிய வரைபடத்தை விரித்தார்கள். திரும்பி வந்தவர்கள் குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். பின்னர் காற்பந்து நினைவுகளுக்கென்றே அங்கு ஒரு கண்காட்சியும் நடந்தது. படங்களும் நினைவுகளும் ஆடியவர்களின் வீடுகளிலிருந்தே வந்தன.

நம்மினத்திலேயே உதாரணம் வேண்டுமா? 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டு சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதை மறந்திருக்க மாட்டீர்கள். 2005-இல் ஈழத்துத் தன்னார்வலர்கள் 'நூலகம்' என்ற மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். பெரும் நூல்களை மட்டுமல்ல, பள்ளி மலர், சங்க அறிக்கை, நினைவு மலர் என்று மற்றவர்கள் குப்பை என நினைப்பதையும் தேடித் தேடி மின்னாக்கம் செய்தார்கள். வீட்டுக்கு வீடு கிடந்த காகிதங்கள் ஒரு சமூகத்தின் ஆவணக் களஞ்சியமாக மாறின. போரின் நடுவே அவர்களால் முடிந்தது என்றால், நமக்கு என்ன தடை?

ஆகவே வாசகர்களே, நாம் என்ன செய்யலாம்? பெரிய பணம் வேண்டாம், மானியம் வேண்டாம், தலைவர் வந்து குத்துவிளக்கு ஏற்றவும் வேண்டாம். இந்த வாரமே தொடங்கக்கூடியவை இவை.

படத்தின் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊடுருவும். ஒட்டும் நாடாவும் வேண்டாம். இடமிருந்து வலமாக, நிற்பவர்கள், அமர்ந்தவர்கள் என்ற வரிசையில் எழுதுங்கள். தெரியாத இடத்தில் ஊகம் செய்யாமல் கேள்விக்குறி போடுங்கள். தவறான பெயரைவிடக் காலியிடம் மேல். காலியிடத்தை நாளை ஒருவர் நிரப்புவார், தவறான பெயரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

அசல் படத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். "கண்காட்சிக்கு வேண்டும், திருப்பித் தருகிறோம்" என்று வாங்கிப் போய்த் திரும்பாத படங்கள் எத்தனை! வருடி இருந்தால் 600 புள்ளி அடர்த்தியில் வருடுங்கள். இல்லாவிட்டால் பகல் வெளிச்சத்தில், சன்னலோரம் வைத்து, பிளாஷ் இல்லாமல் கைப்பேசியில் எடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். கறுத்த கிண்ணத்தில் எழுத்து தெரியவில்லையா? தேய்த்து மெருகேற்றாதீர்கள், எழுத்தும் தேய்ந்து போகும். அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் கைவிளக்கைப் பிடித்துப் படம் எடுத்தால் வெட்டு எழுத்து தெளிவாகத் தெரியும்.

பெரியவர்களிடம் போகும்போது கேள்விப் பட்டியலோடு போகாதீர்கள், ஒரு படத்தோடு போங்கள். "உங்கள் விளையாட்டு அனுபவம் என்ன?" என்று கேட்டால் "என்னத்தைச் சொல்றது தம்பி" என்பார்கள். படத்தைக் கையில் கொடுத்து "இவர் யாரு தாத்தா?" என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள். அனுமதி கேட்டுவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். யார் காலணி வாங்கித் தந்தார்கள், திடலில் புல் வெட்டியது யார், துரை விடுமுறை தந்தாரா, போட்டிக்கு எப்படிப் போனீர்கள், தோற்றால் என்ன நடந்தது என்று கேளுங்கள். பாட்டிமாரை மறக்காதீர்கள். இராஜாமணி ஓடிய காலத்தில் நம் பெண்கள் பலர் பள்ளியில் ஓடியிருக்கிறார்கள். திருமணத்தோடு அந்தக் கதை நின்றுபோனது. ஏன் நின்றது என்பதும் வரலாறுதான்.

ஒரு வரைபடம் போடுங்கள். கிள்ளான், காப்பார், கேரித்தீவு, பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் என்று உங்கள் வட்டாரத்தின் இன்றைய வரைபடத்தில், பழைய திடல் எங்கே இருந்தது, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று குறியுங்கள். தோட்டத்தின் இரண்டு பெயர்களையும் எழுதுங்கள். கார் நிறுத்துமிடமாக மாறியிருந்தாலும் குறியுங்கள்.

பழைய நாளிதழ்களோடு ஒப்பிடுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் மலாயாக் காலத்து ஆங்கில நாளிதழ்களையும் 'தமிழ் முரசை'யும் மின்னாக்கம் செய்து எவரும் தேடிப் பார்க்க வைத்திருக்கிறது. தாத்தா சொன்ன ஆண்டு இரண்டொன்று முன்பின் இருக்கலாம். நாளிதழில் போட்டி நாள் கிடைத்தால் இரண்டும் சேர்ந்து உறுதியான ஆவணமாகும்.

படிகள் குறைந்தது மூன்று இடத்திலாவது இருக்கட்டும். ஒன்று வீட்டில், ஒன்று உறவினரிடம், ஒன்று தமிழ்ப்பள்ளி நூலகத்திலோ கோயில் அலுவலகத்திலோ. ஒரே கைப்பேசியில் வைத்திருப்பது, ஒரே அலமாரியில் வைத்திருப்பதைவிட ஆபத்தானது. அடையாள அட்டை எண், முகவரி போன்றவை பழைய உறுப்பினர் பட்டியலில் இருந்தால் அவற்றை மறைத்துவிட்டே பகிருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புகழ் மட்டும் பாடாதீர்கள். நம் சங்கங்களில் பிரிவினை இருந்தது. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று கோடு இருந்தது. கிராணிமார் ஆடிய குழுவில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைத்ததா? சாதி பார்த்துத் தண்ணீர்க் குவளை கொடுத்தார்களா? திறமை இருந்தும் தேர்வுப் பட்டியலில் பெயர் விடுபட்டவர் யார்? கள்ளுக்கடையில் முடிந்த ஆட்டக்காரர் வாழ்க்கை எத்தனை? இவற்றையும் எழுதுங்கள். பிறர் நமக்குச் செய்த அநீதியை மட்டும் எழுதி, நாம் நமக்குள் செய்த அநீதியை மறைத்தால் அது வரலாறு ஆகாது, விளம்பரம் ஆகும். உரிமை கேட்பவன் உண்மை பேச அஞ்சக்கூடாது.

நம் கிளைகளுக்கும் ஒரு யோசனை. மாதக் கூட்டங்களில் ஒன்றையாவது இதற்கு ஒதுக்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு மண்டபம், இரண்டு வருடிகள், நான்கு இளைஞர்கள், பெரியவர்களுக்குத் தேநீர். "பழைய படத்தோடு வாருங்கள், படத்தோடு திரும்பிப் போங்கள்" என்று அறிவிப்புச் செய்யுங்கள். முதல் நாளில் பத்துப் படங்கள் கிடைத்தால் போதும். ஒரு படத்தில் பதினொருவர் என்றால் நூற்றுப் பத்துப் பெயர்கள். அவற்றில் பாதி மீண்டாலும் அன்றைய பொழுது வீணாகவில்லை.

நாம் இழந்த திடல்கள் பலவற்றை இனி மீட்க முடியாது. அவற்றின் மேல் கட்டடம் எழுந்துவிட்டது. ஆனால் இன்னும் இருக்கும் திடலைக் காக்க, போன திடலின் கதை நமக்குத் தேவை. அந்தக் கதை அரசாங்க அலமாரியில் இல்லை, உங்கள் அம்மா வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது.

இன்று மாலை அதைத் திறந்து பாருங்கள். அப்பா இருக்கும்போதே, அந்த மற்ற பத்துப் பேர் யார் என்று கேட்டுவிடுங்கள்.